கண்ணின் பலகணி

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றுக்கு முதலில் முகங்கொடுக்கும் ஊர்களுள் மதுக்கரையும் ஒன்று. அந்நாள்களில் பேருந்துக்காகச் சாலையோரம் நிற்பவர் எவரும் கண்ணைக் கசக்காமல் வீடு திரும்புவதில்லை. கண்ணில் விழுந்த துகளை வெளியே எடுத்துப் பார்த்தால் கடுகில் நூறில் ஒரு பங்குகூட இராது. உள்ளே இருக்கும் வரையில் பாறாங்கல் விழுந்ததுபோல் உறுத்தும். அத்துகள் சென்று உராயும் மெல்லிய சுவரைப் பற்றியதே இக்கட்டுரை.

அச்சுவரை நாம் பேச்சு வழக்கில் கருவிழி என்கிறோம். உண்மையில் அதில் கருமை சிறிதும் இல்லை. நாம் காணும் கருமை, பின்னாலிருக்கும் திரையின் நிறமும் பாவையின் இருளுமே ஆகும். முன்னாலிருக்கும் படலமோ கண்ணாடியைப்போல் நிறமற்றது. மருத்துவர்கள் அதனைக் கார்னியா என்பர். கார்னியாவைச் சுற்றியுள்ள வெள்ளை விழியும், கார்னியாவும், நம் குதிகால் நரம்பு என்று சொல்லும் தசைநாணும், மாட்டுத்தோலும் ஒரே புரதத்தால் ஆனவை. அப்புரதத்தின் பெயர் கொல்லாஜன். தோலின் வழியே ஒளி புகுவதில்லை. தசைநாண் வெண்மையாக இருக்கிறது. வெள்ளை விழியும் அவ்வாறே. கார்னியா ஒன்று மட்டும் ஒளிக்கு வழிவிடுகிறது. அதே சமயம், கண்ணுக்குள்ளிருந்து இடைவிடாது தள்ளும் நீரழுத்தத்தையும் அது தாங்கி நிற்கிறது. கண்ணாடியின் தெளிவும் தோலின் உறுதியும் ஒரே பொருளில் எவ்வாறு கூடின? இதுவே நம் முன் உள்ள வினா.

அளவும் அடுக்கும்

கார்னியாவின் குறுக்களவு ஏறத்தாழ 11.5 மில்லிமீட்டர். நடுவில் அதன் தடிமன் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதி. ஓரத்தில் இன்னும் கொஞ்சம் கூடும். கண்ணில் ஒளியைக் குவிக்கும் வேலையை உள்ளே இருக்கும் வில்லைதான் செய்கிறது என்று நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறோம். கண்ணின் மொத்தக் குவிதிறன் சுமார் 60 டையாப்டர். அதில் ஏறத்தாழ 43 டையாப்டர் கார்னியாவின் வளைவினாலேயே கிடைக்கிறது. வில்லை செய்வது எஞ்சிய நுட்பச் சரிக்கட்டலே. ஆகவே கார்னியாவின் வளைவில் மயிரிழை மாற்றம் ஏற்பட்டாலும் பார்வை கலங்கும்.

நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் கார்னியா அடுக்குகளாகத் தெரியும். வெளிப்புறத்தில் இருப்பது ஐந்து முதல் ஏழு அடுக்குச் செல்களாலான மேல்தோல். இது ஓயாது உதிர்ந்து, ஏழு முதல் பத்து நாள்களில் முழுவதும் புதிதாகிவிடும். இதனுள்தான் நரம்பு நுனிகள் நெருங்கி அமைந்துள்ளன. உடலின் எப்பகுதியிலும் இத்தனை நெருக்கமாக அவை இல்லை. சிறு தூசி பாறாங்கல்லாக உறுத்துவதன் காரணம் இதுவே. அதன் கீழே, ஆங்கில மருத்துவர் வில்லியம் போமன் 1847இல் விளக்கிய படலம் இருக்கிறது. இது செல்கள் அற்றது. ஒருமுறை அறுந்தால் மறுபடி வளராது. அடுத்து வருவது ஸ்ட்ரோமா என்னும் நடுப்பகுதி. கார்னியாவின் தடிமனில் பத்தில் ஒன்பது பங்கு இதுவே. அதற்கும் பின்னால், பிரெஞ்சு மருத்துவர் டெசிமே 1758இல் விளக்கிய மெல்லிய சவ்வும், கடைசியாக ஒற்றை வரிசைச் செல்களும் உள்ளன. 2013ஆம் ஆண்டில் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹர்மிந்தர் துவாவும் அவர் குழுவினரும், ஸ்ட்ரோமாவுக்கும் டெசிமே சவ்வுக்கும் இடையே உறுதியான இன்னொரு மெல்லடுக்கு இருப்பதாக எழுதினர். அதனைத் தனி அடுக்காகக் கொள்வதா, ஸ்ட்ரோமாவின் கடைசிப் பகுதியாகக் கொள்வதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு எழுந்தது.

கார்னியாவில் இரத்தக் குழாய் கிடையாது. இருந்தால் ஒளிக்குத் தடையாகும். ஆதலால் அது பெரும்பாலும் காற்றிலுள்ள உயிர்வளியைக் கண்ணீரின் வழியே ஏற்கிறது; உணவை உள்ளிருக்கும் நீரிலிருந்து பெறுகிறது.

சென்னையில் விடுபட்ட புதிர்

ஸ்ட்ரோமாவைப் புரிந்துகொள்ள முதலில் கொல்லாஜனைப் புரிந்துகொள்ள வேண்டும். அதன் அமைப்பு முதலில் தெளிவானது நம் தமிழ்நாட்டிலேதான் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் பேராசிரியராகப் பொறுப்பேற்றவர் ஜி. என். இராமச்சந்திரன். அப்போது முப்பது வயது இளைஞர். அங்கு வந்த ஆங்கில அறிஞர் ஜே. டி. பெர்னால், கொல்லாஜனின் அமைப்பு இன்னும் விளங்காமல் கிடப்பதாகச் சொன்னார். அருகிலேயே, தோல் பதனிடும் தொழிலுக்கென நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கிருந்து கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. அதன்மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் பெற்ற படங்களை வைத்துக்கொண்டு இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆராய்ந்து, கொல்லாஜன் மூலக்கூறு மூன்று இழைகள் சேர்ந்து முறுக்கியது என்று 1954இல் 'நேச்சர்' இதழில் அறிவித்தனர். மறு ஆண்டில் அம்முறுக்கின் தன்மையை மேலும் திருத்தமாகக் கூறினர். பின்னால் வந்தவர்கள் நுணுக்கங்களில் சில மாற்றங்கள் செய்தபோதிலும், மூன்றிழை என்னும் அடிப்படை நிலைத்துவிட்டது.

பொள்ளாச்சிப் பக்கத்தில் தேங்காய் நாரில் கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். புரியை ஒரு பக்கமாக முறுக்குவர். புரிகளைச் சேர்க்கும்போது எதிர்ப்பக்கமாக முறுக்குவர். அப்போதுதான் கயிறு பிரியாது. கொல்லாஜனிலும் ஒவ்வோர் இழையும் இடப்புறமாகச் சுருண்டிருக்கிறது; மூன்றும் சேர்ந்து வலப்புறமாக முறுக்கிக் கொள்கின்றன. இம்மூலக்கூறின் நீளம் 300 நானோமீட்டர். தடிமன் ஒன்றரை நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர் ஆகும். ஒரு சென்டிமீட்டர் தடிமனில் இரண்டு மீட்டர் நீளக் கயிற்றை எண்ணிக் கொண்டால் அதன் விகிதம் புலனாகும்.

ஒளி புகுவது எப்படி?

இம்மூலக்கூறுகள் பல சேர்ந்து நுண்ணார் ஒன்று ஆகிறது. கார்னியாவில் அதன் தடிமன் சுமார் 30 நானோமீட்டர். நுண்ணார்கள் ஒன்றுக்கொன்று இணையாகப் படுத்து, இரண்டு மைக்ரான் அளவுள்ள ஒரு தகடு ஆகின்றன. இத்தகைய தகடுகள் 200 முதல் 300 வரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதே ஸ்ட்ரோமா. ஒரு தகட்டின் நார்கள் ஒரு திசையில் ஓடினால் அடுத்த தகட்டின் நார்கள் அதற்குக் குறுக்கே வேறு கோணத்தில் ஓடும்.

நார் ஒவ்வொன்றும் தன்மேல் படும் ஒளியைச் சிறிதளவு சிதறடிக்கும். இலட்சக்கணக்கான நார்கள் தத்தம் போக்கில் சிதறடித்தால் கார்னியா பால்போல் வெளுத்திருக்க வேண்டும். அவ்வாறு ஆகாததன் காரணத்தை 1957இல் டேவிட் மாரிஸ் என்னும் ஆங்கில அறிஞர் விளக்கினார். நார்கள் அனைத்தும் ஒரே தடிமனில், ஒரே இடைவெளியில் அணிவகுத்து நிற்பதால், பக்கவாட்டில் சிதறும் அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. முன்னோக்கிச் செல்லும் அலை மட்டும் எஞ்சுகிறது என்பது அவர் முடிவு. இயற்பியல் மாணவர்கள் குறுக்கீட்டு விளைவு என்று படிப்பது இதுவே. படிகத்தில் காண்பது போன்ற முழு ஒழுங்கு வேண்டியதில்லை, அண்டை அயல் நார்களுக்கிடையே சீரான தொலைவு இருந்தாலே போதும் என்பதைப் பின்னர் 1969இல் ஹார்ட், ஃபாரெல் ஆகிய இருவரும் கணக்கிட்டுக் காட்டினர். நார்களின் நடுவிலிருந்து நடு வரையுள்ள தொலைவு சுமார் 60 நானோமீட்டர். நாம் காணும் ஒளியின் அலைநீளமோ 400 முதல் 700 நானோமீட்டர். இத்தனை நெருக்கமான அணிவகுப்பை ஒளி அலை ஒரே பரப்பாகவே உணர்கிறது.

வெள்ளை விழியில் நார்கள் இருக்கின்றன, ஒழுங்கு இல்லை. ஒன்று மெலிந்தும் மற்றொன்று அதைப்போல் பல மடங்கு பருத்தும், தாறுமாறாகப் பின்னிக் கிடக்கின்றன. எனவே அது வெண்மையாக இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பொருளில் இல்லை, ஒழுங்கில் இருக்கிறது.

இவ்வொழுங்கைக் காப்பதற்கு ஓயாத உழைப்பு தேவை. ஸ்ட்ரோமாவின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல் நீர். நார்களுக்கிடையே உள்ள சர்க்கரைப் புரதங்கள் மேலும் மேலும் நீரை உறிஞ்ச முனைகின்றன. நீர் மிகுந்தால் நார்கள் விலகும், அணிவகுப்புக் கலையும், கார்னியா மங்கும். இதனைத் தடுப்பது உட்புறத்து ஒற்றை வரிசைச் செல்கள். கிணற்றில் ஊற்று ஊற ஊற இறைத்துக்கொண்டே இருக்கும் பம்புசெட்டைப்போல், உட்புகும் நீரை அவை இரவும் பகலும் வெளியேற்றுகின்றன. இளமையில் ஒரு சதுர மில்லிமீட்டரில் இச்செல்கள் சுமார் மூவாயிரம் இருக்கும். மனிதரிடத்தில் இவை இறந்தால் ஈடாகப் புதியவை பிறப்பதில்லை. இருப்பவை பரந்து விரிந்து இடத்தை நிரப்பிக் கொள்கின்றன.

கயிற்றுக் கட்டிலும் கார்னியாவும்

இனி உறுதியைக் காண்போம். கண்ணினுள் இருக்கும் அழுத்தம் இயல்பாகப் பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர். 15 மில்லிமீட்டர் என்று கொண்டால், அது ஒரு சதுர மீட்டருக்கு 2,000 நியூட்டன் ஆகும். மெல்லிய கோளச் சுவரில் தோன்றும் இழுவிசைக்கான லாப்லாஸ் விதியின்படி, அழுத்தத்தை வளைவு ஆரத்தால் பெருக்கி, தடிமனின் இருமடங்கால் வகுக்க வேண்டும். ஆரம் 7.8 மில்லிமீட்டர், தடிமன் 0.54 மில்லிமீட்டர் எனக் கொண்டால், விடை ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 14,400 நியூட்டன். அதாவது, சுவரின் குறுக்கு வெட்டில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 150 கிராம் எடையைத் தாங்குவதற்கு ஒப்பாகும். பிறந்த நாள் தொட்டு இறக்கும் நாள் வரை இச்சுமை இறங்குவதே இல்லை. தடிமன் பாதியானால் சுமை இரட்டிக்கும் என்பதையும் இக்கணக்கு காட்டுகிறது.

கார்னியா இதனைத் தாங்கும் விதத்திற்குக் கயிற்றுக் கட்டிலைக் காட்டிலும் நல்ல உவமை கிடைப்பது அரிது. கட்டிலில் கை வைத்து அழுத்தினால் முதலில் எளிதாக நெகிழும். ஆள் உட்கார்ந்தவுடன் தளர்ந்திருந்த கயிறுகளெல்லாம் நிமிர்ந்து விறைத்துக்கொள்ளும். அதற்குமேல் எளிதில் இறங்காது. கார்னியாவும் அவ்வாறே. இழுக்கத் தொடங்கும்போது நெகிழ்கிறது. அலைபோல் நெளிந்திருந்த நார்கள் நேரானபின் விறைக்கிறது. அந்நிலையை வரைபடமாகத் தீட்டினால் நேர்கோடு வராது. மேல்நோக்கி வளைந்தேறும் கோடே வரும். கட்டிலில் எப்போதும் ஒருவர் படுத்திருந்தால் நாளடைவில் கயிறு தொய்யும். கார்னியாவும் நீண்ட காலச் சுமையில் மெல்லத் தொய்யும் இயல்புடையது. அழுத்தத்தை எடுத்தவுடன் முழுமையாக உடனே மீள்வதுமில்லை. இதனைப் பாகுமீள்மை என்பர்.

நார்கள் ஓடும் திசையும் சீரானதன்று. எக்ஸ் கதிர்களைக் கொண்டு இதனை அளந்தவர்கள் கீத் மீக் முதலிய பிரிட்டன் ஆராய்ச்சியாளர்கள். கார்னியாவின் நடுப்பகுதியில் நார்கள் மேலும் கீழுமாகவும், மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாகவும் மிகுதியாக ஓடுகின்றன. ஓரத்திலோ வட்டமாகச் சுற்றிச் செல்கின்றன. பீப்பாய்க்கு இரும்புப் பட்டை போட்டதுபோல் அவ்வளையம் கார்னியாவின் வளைவைக் காக்கிறது. மேலும், முன்புறத் தகடுகள் தறியில் பாவும் ஊடையும்போல் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பின்னியுள்ளன; பின்புறத் தகடுகள் மடித்து அடுக்கிய வேட்டிகள்போல் வெறுமனே அடுக்கப்பட்டவை. ஆகவே முன்பகுதி உறுதி மிக்கது. நீர் ஊறி வீங்குவது பெரும்பாலும் பின்பகுதியே.

இவ்வறிவு மருத்துவமனையில் நாள்தோறும் பயன்படுகிறது. கண்ணழுத்தத்தை அளக்கும் கோல்ட்மன் கருவி, கார்னியாவை 3.06 மில்லிமீட்டர் குறுக்களவுக்குத் தட்டையாக்க எவ்வளவு விசை வேண்டும் என்றே பார்க்கிறது. கார்னியா இயல்பினும் தடித்திருந்தால் கருவி அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். மெலிந்திருந்தால் குறைத்துக் காட்டும். எனவே மருத்துவர்கள் தடிமனையும் அளந்து பார்க்கின்றனர்.

ஒழுங்கு குலையும்போது

கயிறு தொய்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கூம்புக் கருவிழி என்னும் நோய் காட்டுகிறது. கார்னியாவின் ஒரு பகுதி மெலிந்து, உள்ளழுத்தத்திற்கு ஈடுகொடுக்க இயலாமல் கூம்பாகப் பிதுங்கும். நார்களின் திசையொழுங்கு அவ்விடத்தில் கலைந்திருப்பதையும் எக்ஸ் கதிர்கள் காட்டியுள்ளன. இந்நோய் பெரும்பாலும் தலைகாட்டுவது நம் போன்ற மாணவர் பருவத்திலேதான். கண்ணாடியின் எண்ணை அடிக்கடி மாற்றியும் பார்வை தெளியவில்லையானால் ஐயப்பட வேண்டும். பரம்பரை ஒரு காரணம். கண்ணை அழுத்திக் கசக்கும் பழக்கம் மற்றொன்று. விரல் முட்டியால் கசக்கும் அந்நொடிகளில் கண்ணழுத்தம் பல மடங்கு உயர்கிறது.

இதற்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர மருத்துவர்கள் ஒரு சிகிச்சை கண்டு 2003இல் அதன் பயனை வெளியிட்டனர். ரைபோஃபிளேவின் என்னும் பி2 வைட்டமினைச் சொட்டுச் சொட்டாக விட்டு, புற ஊதாக் கதிரை அளவோடு அரை மணி நேரம் செலுத்துவர். நார்களிடையே புதிய பிணைப்புகள் தோன்றிக் கார்னியா விறைக்கும். நோய் மேலும் முற்றாமல் நிற்கும். தோல் பதனிடுவோர் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்துத் தோலின் கொல்லாஜனைப் பிணைத்து உறுதியாக்குவதும் இத்தத்துவத்தைச் சார்ந்ததே.

இனி நம் ஊருக்கு வருவோம். மதுக்கரையின் சுண்ணாம்புக்கல் 1934இல் இங்கே சிமெண்டு ஆலை தோன்றக் காரணமாயிற்று. கோவையைச் சுற்றிலும் வார்ப்படச் சாலைகளும் லேத்துப் பட்டறைகளும் நிறைந்துள்ளன. அதற்கப்பால் தென்னந்தோப்பும் சோளக்காடும். சுண்ணாம்பு, இரும்பு, பயிர் ஆகிய மூன்றும் நமக்குச் சோறு போடுகின்றன. கார்னியாவுக்குப் பகையாவதும் அம்மூன்றே.

நீர்த்த சுண்ணாம்பும் ஈரச் சிமெண்டும் கடுங்காரமுடையவை. காரம் மேல்தோலின் கொழுப்பைக் கரைத்து உள்ளே இறங்கும். நார்களைக் கட்டி வைத்திருக்கும் பொருளைச் சிதைக்கும். வெற்றிலைக்குப் பயன்படும் சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தைகள் பிதுக்கி விளையாடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்வதும் உண்டு. சாணைக்கல்லிலிருந்து தெறிக்கும் இரும்புத் துகள் சூட்டோடு கார்னியாவில் பதிந்து, சில நாள்களில் தன்னைச் சுற்றித் துருவளையம் இடும். தென்னை ஓலையோ சோளத் தோகையோ கீறினால், அக்கீறலில் பூஞ்சை புகும். மதுரை மாவட்டத்தில் நடந்து 1996இல் வெளியான ஓர் ஆய்வு, ஆண்டுதோறும் ஓர் இலட்சம் பேரில் 113 பேருக்குக் கார்னியாப் புண் வந்ததாகக் கணக்கிட்டது. அமெரிக்காவில் ஒரு மாவட்டத்தில் எடுத்த கணக்கைப்போல் இது பத்து மடங்கு. பூஞ்சையின் நொதிகள் கொல்லாஜனைக் கரைத்துவிடும். முற்றிய நிலையில் ஸ்ட்ரோமா முழுதும் கரைந்து, டெசிமே சவ்வு மட்டும் நீர்க்குமிழிபோல் புடைத்து நிற்பதும் உண்டு.

மேல்தோலில் மட்டும் ஏற்பட்ட கீறல் ஓரிரு நாளில் சுவடின்றி ஆறிவிடும். போமன் படலத்தைத் தாண்டிவிட்டால் கதை வேறு. அங்கும் காயம் ஆறும்; உடல் புதிய கொல்லாஜனை நிரப்பும். ஆனால் அந்த நார்கள் பழைய அணிவகுப்பில் நிற்பதில்லை. துளை அடைபட்டுவிடும், ஒளி புகாது. நாம் பூ விழுந்த கண் என்கிறோமே, அது அந்தத் தழும்புதான்.

நாம் செய்யத்தக்கவை

சாணை பிடிக்கும்போதும் பற்றவைக்கும்போதும் காப்புக் கண்ணாடி அணிவதை அச்சமாக எண்ணலாகாது. தூசி விழுந்தால் கசக்காமல் நீரில் கழுவ வேண்டும். சுண்ணாம்பு பட்டால் ஒரு நொடியும் தாழ்த்தாமல், கிடைக்கும் தூய நீரை இமைகளைப் பிரித்து அரை மணி நேரமாவது விட்டுக் கழுவி, அதன்பிறகே மருத்துவரிடம் ஓட வேண்டும். கழுவாமல் ஓடினால் வழியிலேயே கண் போய்விடும். பதிந்த துகளை வேட்டி நுனியாலும் தீக்குச்சியாலும் எடுக்கும் கைராசிக்காரர்களிடம் கண்ணைக் கொடுக்கலாகாது. தாய்ப்பாலும் பச்சிலைச் சாறும் புண்ணுக்கு மருந்தல்ல. மருத்துவரைக் கேளாமல் கடையில் வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து பூஞ்சைப் புண்ணைப் பெருக்கிவிடும்.

இத்தனைக்கும் பிறகு பூ விழுந்துவிட்டால் ஒரே வழி, இறந்தவர் ஒருவரின் கார்னியாவைப் பொருத்துவது. எந்தத் தொழிற்சாலையும் இதுகாறும் அதற்கு முழு ஈடான ஒன்றைச் செய்து தந்துவிடவில்லை. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் 1945ஆம் ஆண்டில் டாக்டர் ஆர். இ. எஸ். முத்தையா இந்தியாவின் முதல் கண் வங்கியைத் தொடங்கினார். கோவையில் சங்கரா, அரவிந்த் ஆகிய கண் மருத்துவமனைகள் கண் வங்கிகளை நடத்துகின்றன. இறந்த ஆறு மணி நேரத்திற்குள் சொல்லியனுப்ப வேண்டும். அதுவரை இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். முதுமையோ, கண்ணாடி அணிந்ததோ, கண்புரை அறுவை செய்ததோ தடையாகாது. முகத்தில் விகாரமும் தோன்றாது.

முடிவாக ஒரு நிகழ்ச்சி. 1905ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள், இன்று செக் நாட்டிலுள்ள ஓலமோட்ஸ் நகரில் எட்வர்டு சிர்ம் என்னும் மருத்துவர் ஒரு கூலித் தொழிலாளிக்குக் கார்னியா மாற்றுச் சிகிச்சை செய்தார். மனிதக் கார்னியாவை மனிதருக்குப் பொருத்தி, அது நிலைத்து விளங்கியது அதுவே முதன்முறை. அத்தொழிலாளி கண்ணிழந்தது சுண்ணாம்பினால். அவருக்குப் பொருத்தப்பட்ட கார்னியா, இரும்புத் துண்டு பாய்ந்து காப்பாற்ற இயலாமல் எடுக்கப்பட்ட ஒரு சிறுவனின் கண்ணிலிருந்து கிடைத்தது. சுண்ணாம்பும் இரும்பும்! அந்த மருத்துவர் மதுக்கரையைக் கண்டவரல்லர். எனினும் அவர் மேசைமீது கிடந்த துன்பம் நம் ஊர்த் துன்பமே. இழந்த ஒழுங்கை உடலால் மீண்டும் நெய்துகொள்ள முடியவில்லை. ஆனால் ஒருவர் விட்டுச்செல்லும் ஒழுங்கு மற்றொருவர் கண்ணில் ஒளிக்கு வழிவிடும். இருக்கும் வரை அதனைக் காப்போம். போகும்போது கொடுத்துச் செல்வோம்.